ஓர் அறையில் தொண்ணூற்றேழு பேர்

அவரிடம் எதையும் தோராயமாகச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. நான் கணிதத் துறையில் சேர்ந்த முதல் நாள், வணிகவியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் வகுப்பு எடுத்துவிட்டு வந்து, "ஒரு அறுபது பேர் இருப்பாங்க மேடம், ஒரே சத்தம்" என்றேன். புதிதாக வந்தவள் பேச்சுத் தொடங்குவதற்காகச் சொன்ன வார்த்தை அது. அவர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எண்ணிப் பாத்தீங்களா?"

"இல்லீங்க மேடம். சும்மா ஒரு அந்தாசா சொன்னேன்."

அவர் டப்பாவைத் திறந்து மறுபடி சாப்பிடத் தொடங்கினார். மறுநாள் வகுப்பில் எண்ணினேன். ஐம்பத்துமூன்று. வந்து சொன்னபோது அவர் முகத்தில் கேலி துளியும் இல்லை.

"அப்போ ஏழு பேர நேத்து நீங்களே அட்மிஷன் போட்டுட்டீங்க. அவங்களுக்கும் இனிமே நீங்கதான் பாடம் எடுக்கணும்."

இருவரும் கௌரவ விரிவுரையாளர்களாக இருந்தோம். கிரிவல மலைக்கு வடக்கே ஊர் முடியுமிடத்தில், பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி ஒன்றில். மாணவர்கள் எங்களை 'கெஸ்ட் மேடம்' என்பார்கள். பதினோரு மாத ஒப்பந்தம், மே மாதத்தில் வேலை இல்லை, ஜூனில் மறுபடி விண்ணப்பம். எங்கள் வருகைப் பதிவேடுகூடத் தனி. நான் கீழ்பென்னாத்தூரிலிருந்து பேருந்தில் வருவேன். அவர் வேங்கிக்காலில் புதிதாக எழும்பிய வீடுகளுக்கு நடுவே ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார். நான் சேர்ந்தபோது அது அவருக்குப் பதினோராவது ஒப்பந்தம்.

நிரந்தரப் பணிக்கான விண்ணப்பம் ஒன்றை அந்த ஆண்டு நாங்கள் சேர்ந்து நிரப்பினோம். முன் அனுபவம் என்ற இடத்தில் அவர் 'நூற்றுப் பத்து மாதங்கள்' என்று எழுதினார்.

"பத்து வருஷம்னு எழுதுங்க மேடம். எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க."

"பத்து மே மாசம் எங்க போச்சு?"

"அதெல்லாம் யாரு பாக்கப் போறாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க. மே மாசத்துல நான் வாத்தியார் இல்ல, அவ்ளோதான். எங்க வீட்டுக்காரரு கேட்டாரு, அப்போ மே மாசம் நீ யாருன்னு. தெரியலைன்னேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேர்முகத் தேர்வு பிறகு நடக்கவே இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு சொல்லை மாற்றி எழுதினால் தனக்கு நன்மை என்று தெரிந்தும் எழுதாத ஒருவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பது, பக்கத்திலிருப்பவருக்கு எவ்வளவு எரிச்சலூட்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இயற்பியல் துறைப் பேராசிரியர் ஒருவர் வீடு கட்டிக் குடிபுகுந்தபோது எங்களையும் அழைத்திருந்தார். நிரந்தரப் பணியில் இருப்பவர் எங்களை நினைவு வைத்து அழைத்ததே பெரிது. மறுநாள் ஆசிரியர் அறையில் அவர், "ஆயிரம் பேர் வந்துட்டாங்கப்பா, சமாளிக்க முடியல" என்று களைப்பைப் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார். மூலையிலிருந்து இவர் குரல் எழுந்தது.

"பந்திக்கு எழுபத்திரண்டு இலை சார். ஆறு பந்தி. நானூத்தி முப்பத்திரண்டு."

பேராசிரியர் திரும்பிப் பார்த்தார்.

"மடியில வெச்சி ஊட்டின கொழந்தைங்களுக்கு இலை கிடையாது. அதுக்கு ஒரு இருபது ஜாஸ்தி வெச்சிக்கலாம்" என்று இவர் தாராளமாகச் சேர்த்துக்கொண்டார்.

நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். எதற்கு மிதித்தேன் என்று வெளியே வந்ததும் உண்மையாகவே கேட்டார். யாரையும் மட்டம் தட்டும் எண்ணம் அவரிடம் இருந்ததில்லை. தவறான ஓர் எண் காற்றில் நின்றுகொண்டிருந்தால், நமக்குக் கண்ணில் தூசி விழுந்ததைப் போல அவருக்கு உறுத்தும். எடுத்துவிட்டால் சரியாகிவிடும். அது யாருடைய கண், யாருடைய விரல் என்றெல்லாம் அவர் யோசிப்பதில்லை.

மாணவர்கள் அவரைக் கண்டு பயந்தார்கள், ஆனால் அவர் வகுப்பைத் தவிர்க்கவில்லை. புள்ளியியல் செய்முறைக் குறிப்பேட்டில் எல்லோரும் மூத்த மாணவர்களின் எண்களையே வழிவழியாக எழுதிவந்தார்கள். ஒரு நிலக்கடலைச் செடிக்கு எத்தனை மல்லாட்டைக் காய் என்ற கணக்கில் ஒரு மாணவி எழுதியிருந்த பத்து எண்களையும் பார்த்துவிட்டு, "யார் வயலு இது?" என்று கேட்டார்.

"எங்க வயலுங்க மேடம்."

"ரொம்ப நல்ல வயலு. நாலு வருஷமா ஒரு காய்கூட ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல."

அந்தப் பெண் தலைகுனிந்தாள். மறுநாள் பத்துச் செடிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டு வரச் சொன்னார். மறுநாள் வந்தது அவளுடைய தந்தை. தோளில் செடிக்கட்டோடு, துறை வாசலில் நின்று, "கணக்கு மேடம் யாருங்க? முத்தாத மல்லாட்டைய புடுங்கச் சொன்னவங்க?" என்று கேட்டார். நான் பயந்துபோய் எழுந்தேன். அவர் எனக்கு முன்னால் போய் நின்றார்.

"நான்தாங்க. பத்துச் செடியும் இருக்குங்களா?"

"பதினொன்னு இருக்குதும்மா. ஒன்னு ஜாஸ்தி வந்துட்டுது."

"வந்துட்டா அதையும் எண்ணித்தான் ஆகணும். உள்ள வாங்க, உக்காருங்க."

சண்டைக்கு வந்தவர் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, தன் மகளும் அவள் தோழிகளும் காய்களை எண்ணி, சராசரி கண்டு, ஒவ்வொரு செடியும் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "மேக்கால ஓரத்துச் செடிங்களுக்குத்தான் காய் கம்மி. அங்க தண்ணி ஏறல. எனக்கே இப்பத்தான் தெரியுது" என்றார். வேகவைத்த காய்களை மாலையில் எல்லோரும் தின்றோம். அன்று அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனிச் சொல்லப்போவதில் அது அவ்வளவு தெளிவாக இராது.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் துறையில் பணிச்சுமைப் பட்டியல் ஒன்று தயாராகும். வாரத்தில் மொத்தம் எத்தனை மணி நேரம் பாடம் என்று கூட்டி, நிரந்தர ஆசிரியர்களுக்குரியதைக் கழித்து, மிஞ்சுவதைப் பதினாறு பதினாறாக வகுத்தால் எத்தனை கெஸ்ட் தேவை என்பது வரும். பதினாறுக்குக் குறைந்தால் பணியிடம் இல்லை. எனக்கு இரண்டாம் ஆண்டில் வந்த பதினாறு மணி இப்படி அமைந்திருந்தது: வணிகவியலுக்கு நான்கு, முதலாண்டு இயற்பியலுக்குத் துணைப்பாடக் கணிதம் ஆறு, முதலாண்டு வேதியியலுக்கு அதே கணிதம் ஆறு.

தாளில் அப்படி. நடைமுறையில் இயற்பியலும் வேதியியலும் ஒரே கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. அறை இல்லை என்பதால் பல ஆண்டுகளாக அப்படித்தான். நான் ஆறு மணி நேரம் எடுப்பேன். பட்டியலில் அது பன்னிரண்டு என்று இருக்கும். எனக்கு அது பொய் என்றே தோன்றியதில்லை. இரண்டு வகுப்பு இருக்கிறது, இருவருக்கும் நான் பாடம் சொல்கிறேன், பிறகென்ன?

கால அட்டவணையைச் சுத்தமாக எழுதித் தரும் வேலையை நிரந்தர ஆசிரியர்கள் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். ஜூலை இறுதியில் அதை எழுதும்போது அவர் கண்டுபிடித்தார். பேனாவை மூடிவிட்டு நேராக என் வகுப்புக்கு வந்து, கதவருகே நின்று எண்ணினார். அறுபது பேருக்கான கூடத்தில் தொண்ணூற்றேழு பேர். பின்வரிசையில் மூன்று பேர் உட்கார வேண்டிய பெஞ்சில் ஐந்து பேர்.

மணி அடித்ததும் அவர் சொன்னது இதுதான். "ஒன்னு தாள் மாறணும். இல்ல வகுப்பு மாறணும்."

"மேடம், தாள் மாறுச்சுன்னா பத்து மணிதான் வரும். என் வேலை போயிடும். வீட்ல என் சம்பளம்தான்."

"தெரியும்மா. அதனாலதான் வகுப்ப மாத்தலாம்னு சொல்றேன்."

துறைத் தலைவர் நல்ல மனிதர். ஓய்வுக்கு ஓராண்டு இருந்தது. எதையும் கிளறாமல் போய்ச் சேர விரும்பினார்.

"ஏம்மா, இது எல்லாக் காலேஜ்லயும் நடக்கிறதுதானே? யாரு வந்து எண்ணப் போறான்? நீ சும்மா இருந்தா அந்தப் பொண்ணு பொழைச்சிக்கும்."

"சும்மா இருந்தா எழுத்துல ரெண்டு க்ளாஸ், எடுக்கிறது ஒன்னு சார். பின்னாடி உக்காந்திருக்கிற பசங்களுக்குப் போர்டே தெரியல. எனக்கு ஒரு ரூம் மட்டும் குடுங்க."

அறை தேடினோம். விளையாட்டுச் சாமான் அறைக்குச் சாவி இல்லை. நூலகத்தின் பின்னறையில் உடைந்த நாற்காலிகள் கூரைவரை இருந்தன. முதல்வர் அலுவலகத்தில் கடிதம் கொடுத்தோம், ஒரு வாரம் கழித்து அதே கடிதத்தை இன்னொரு முறை கொடுக்கச் சொன்னார்கள். கடைசியில் கிடைத்தது ஆசிரியர்களின் வண்டி நிறுத்தும் கொட்டகை. தகரக் கூரை, மூன்று பக்கமும் திறப்பு. பழைய கரும்பலகை ஒன்றை இருவரும் தூக்கிவந்து தூணில் சாய்த்தோம். ஆகஸ்ட் இரண்டாவது வாரத்திலிருந்து வேதியியல் மாணவர்கள் நாற்பத்தாறு பேரும் அங்கே வந்தார்கள். சிலர் தரையில், சிலர் வண்டிகளின் மேல்.

வீடு கட்டிய இயற்பியல் பேராசிரியர், "என் ஸ்கூட்டர் இப்போ மேட்ரிக்ஸ் படிக்குது மேடம். என்னைவிட நல்லா வருது" என்றார்.

இவர் நின்று யோசித்தார். "அதுக்கு அட்டென்டன்ஸ் போட முடியாதுங்க சார்."

உண்மையைச் சொன்னால், எனக்கு அது வேண்டாத சுமை. முன்பு ஆறு மணியில் முடிந்தது இப்போது பன்னிரண்டு மணி. தகரக் கூரைக்கடியில் தொண்டை வறண்டது. ஆனால் ஒருநாள் அங்கே, வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து, "மேடம், இந்த வரிய நீங்க மொத எழுதினப்போ நாங்க பாக்கவே இல்லீங்க, நீங்க எங்களுக்குத் தலையா மட்டும்தான் தெரிவீங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜூலையில் நடத்தியதை எல்லாம் முதலிலிருந்து தொடங்கினேன். அன்று மாலை அவரிடம் சொல்லவில்லை. அவர் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அக்டோபர் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு மூன்று பேர் வந்தார்கள். துறைத் தலைவர் பணிச்சுமைப் பட்டியலோடு நின்றார். கால அட்டவணைக் கோப்பை எடுத்துத் தர அவருக்குப் பின்னால் இவர் நின்றார். நான் கொட்டகையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நான்கடி தள்ளி அவர்கள் நின்றதால் ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது.

மூவரில் மூத்தவர் வண்டிகளையும் மாணவர்களையும் மாறிமாறிப் பார்த்தார். "இது எப்போலேருந்து நடக்குது?"

"க்ளாஸ் ஆரம்பிச்ச நாள்லேருந்து சார்" என்றார் துறைத் தலைவர்.

நான் கரும்பலகையைப் பார்த்து நின்றேன். என் கையில் சுண்ணக்கட்டி இருந்தது. ஒரே ஒரு கணம் அவர் மௌனமாக இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

"ஆகஸ்ட் ரெண்டாவது வாரத்துலேருந்து சார்" என்றது அவர் குரல். "அதுக்கு முன்னாடி ரெண்டு க்ளாஸும் சேர்த்து நடந்துச்சு."

"ஓஹோ. அப்போ சேர்த்து நடத்த முடியும்னு ஆகுதில்ல?"

"முடியும் சார். ஆனா நடத்தக் கூடாது. அறுபது பேர் ஹால்ல தொண்ணூத்தேழு பேர். பின்வரிசைக்குப் போர்டு தெரியாது. நீங்க ஒரு ரூம் குடுக்கச் சொல்லி எழுதினீங்கன்னா..."

அதிகாரி எழுதினார். அவர் கை இரண்டு சொற்களுக்கு மேல் அசையவில்லை. 'முடியும் சார்' என்பதோடு அவர் கேட்பதை நிறுத்திவிட்டிருந்தார்.

பத்து நாளில் ஆணை வந்தது. வாகனக் கொட்டகை வகுப்பறையாகாது, இரு வகுப்புகளையும் முன்போலச் சேர்த்து நடத்தலாம், ஒரு கௌரவ விரிவுரையாளர் பணியிடம் மிகை. பணியில் கடைசியாகச் சேர்ந்தவள் நான்.

வராந்தாவில் அவரை நிறுத்திக் கேட்டேன். அதுவரை நான் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை.

"ஜூலைலேருந்துன்னே இருந்துட்டுப் போயிருந்தா உங்களுக்கு இன்னா மேடம் போயிருக்கும்?"

"ஜூலைல நடக்கலியேம்மா."

"இப்போ மட்டும் இன்னா நடக்குது? அந்தப் பசங்க திரும்ப அதே ஹாலுக்குத்தான் போறாங்க. அஞ்சு பேரா பெஞ்சுல உக்காரப் போறாங்க. எனக்கு வேலை இல்ல. உங்க ஆகஸ்ட் மட்டும் கரெக்ட்டா இருக்குது."

அவர் பதில் சொல்லியிருந்தால் என் கோபம் ஒருவேளை எங்காவது போய் முட்டி நின்றிருக்கும். அவர் தரையைப் பார்த்தபடி நின்றார். கணக்கு ஒன்றில் எங்கே பிழை என்று தேடுகிற முகம் அது. பிழை எதுவும் கிடைக்கவில்லை போலும்.

பின்னால் துறைத் தலைவர் வழியாகத் தெரிந்தது. அதற்கு முந்தைய நாள் அவர் போய், தன் பதினாறையும் என்னிடம் மிஞ்சிய பத்தையும் கூட்டி ஆளுக்குப் பதின்மூன்றாகப் பிரித்துத் தரும்படி கேட்டிருக்கிறார். "ரெண்டு பேருக்கும் பதினாறு இல்லன்னா ரெண்டு பேருமே வீட்டுக்குப் போகணும்மா" என்று துறைத் தலைவர் விளக்கியபோது, "அந்த விதி தப்பு சார்" என்றாராம். இந்தச் செய்தி என்னை ஆற்றவில்லை. எரிச்சலைக் கூட்டியது. தன் வேலையில் ஒரு பங்கைக் கொடுக்கத் துணிந்தவருக்கு, ஒரு மாதத்தை மாற்றிச் சொல்லும் துணிவு இல்லாமல் போயிற்றே என்றுதான் நினைத்தேன். அது துணிவின் விஷயமல்ல என்று இப்போது புரிகிறது. புரிவதால் கோபம் முழுதும் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

விடுவிப்புக் கடிதத்தை அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டேன். அன்று பௌர்ணமிக்கு முந்தைய நாள். பேருந்து நிலையத்தில் கிரிவலத்துக்கு வந்திறங்கிய கூட்டம். கீழ்பென்னாத்தூர் வண்டியில் சன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு, அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர் வருவதைப் பார்த்தேன். ஒவ்வொரு பேருந்தாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைத்தேன். அதற்குள் கண்டுகொண்டார்.

மூச்சு வாங்க, சன்னல் கம்பிகளுக்கிடையில் ஒரு தாளை நீட்டினார்.

"ஆபீஸ்ல குடுத்தத கிழிச்சிப் போட்டுடுங்க. அதுல நீங்க எடுத்த வகுப்பு நூத்தி அறுவத்தொன்னுன்னு போட்டிருக்காங்க. நூத்தி அறுவத்திமூனு. போன மாசம் பௌர்ணமிக்கு விட்ட க்ளாஸுக்காக ரெண்டு சனிக்கிழமை வந்து எடுத்தீங்க, அத விட்டுட்டாங்க. சூப்பரின்டென்டன்ட் முடியாதுன்னாரு. எதுர உக்காந்து அடிக்க வெச்சி கையெழுத்து வாங்கினேன்."

நான் வாங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் ஓடிவந்திருக்கிறார் என்று ஒரு கணம் நம்பியிருந்தேன்.

ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார். வண்டி உறுமத் தொடங்கியது. அவர் சன்னல் கம்பியை விடவில்லை.

"திரும்பக் கேட்டாலும் ஆகஸ்ட்னுதான்மா சொல்லுவேன். எனக்கு வேற மாதிரி சொல்ல வராது. அதுக்காக நீங்க எங்கூடப் பேசலைன்னா, அதுவும் சரிதான்."

நடத்துநர் விசிலடித்தார். "கையை எடும்மா" என்று யாரோ கத்தியதும் அவர் கையை எடுத்துக்கொண்டார்.

நான் பேசவில்லை. வண்டி ஊரைத் தாண்டி வயல்களுக்குள் இறங்கிய பிறகு பக்கத்திலிருந்த அம்மாள், "அத மடிச்சி பைக்குள்ள வெய்யிம்மா, காத்துல பறந்துடப் போவுது" என்றாள். குனிந்து பார்த்தேன். காற்று படாதபடி அந்தத் தாளை இரண்டு கைகளாலும் மடிமேல் அழுத்திப் பிடித்திருந்தேன், ஒரு மடிப்பும் விழாமல்.